மூன்றாவது சரணத்துக்கு முன்னால்

குனியோவுக்கு அன்று எந்த ஹெட்போனும் பிடிக்கவில்லை. டோக்கியோவின் மின்சாதனச் சந்தையான அகிஹபாராவில், ஹெட்போன் கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், கேட்டுப் பார்ப்பவர்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக மாட்டுவதும், "கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுறா" என்று முணுமுணுத்துக் கழற்றுவதுமாக இருந்தார். பாட்டு ஒன்றேதான். வாலிப வயதிலிருந்து எதையும் அவர் எடைபோடுவது அந்தப் பாட்டை வைத்துத்தான். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் பாடகி சின்னதாக மூச்சு எடுப்பாள். அது கேட்டால்தான் ஹெட்போன். இல்லாவிட்டால் காதை மூடும் குல்லாய். இணையத்தில் அவர் எழுதுவதை நம்பி வாங்குகிறவர்கள் இருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அந்த வாரம்தான் கடைக்கு வந்தது. மாட்டியதும் முகம் மலர்ந்தது. மூச்சு லேசாகத்தான் கேட்டது, ஆனால் கேட்டது. கழற்றி ஹிருகாவாவிடம் நீட்டினார். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹிருகாவா அவருடைய சனிக்கிழமைக் கூட்டாளி. அவரைவிடப் பல வயது இளையவன், அவர் கைகாட்டியதையே வாங்குகிறவன்.

மாட்டிய வேகத்தில் அவன் பிடுங்கிக் கழற்றினான்.

"ஐயோ, என்னண்ணே இது! காதுக்குள்ள ஊசி எறங்குது!"

"உன் காதுக்கு இன்னும் பக்குவம் பத்தலடா. தெளிவாக் கேட்டா உனக்கு ஆகாதே."

வழக்கமாக இந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னதத்தாண்ணே வரிசையா வாங்கினேன். ஒண்ணுலகூட ஒரு பாட்ட முழுசாக் கேக்க முடியல. எனக்குத்தான் ரசனை இல்லன்னு நெனச்சு எல்லாத்தையும் வித்துட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

குனியோவுக்குச் சுருக்கென்றது. எழுந்து, பழையவை வைத்திருக்கும் அலமாரிக்குப் போனார். அங்கே அவருடைய முதல் ஹெட்போனின் ரகம் ஒன்று இருந்தது. அந்த மூச்சை அவர் முதன்முதலாகக் கேட்டது அந்த ரகத்தில்தான். பின்னாளில் மந்தமாகப் பாடுகிறது என்று தள்ளிவிட்டிருந்தார். எடுத்துவந்து மாட்டினார். மூன்றாவது சரணம் வந்தது, போனது. மூச்சு இல்லை.

"செத்துப்போச்சு இது."

ஹிருகாவா வாங்கி மாட்டிக்கொண்டு, பாட்டை மறுபடி ஓடவிட்டான். கண்ணை மூடிக் கேட்டவன், ஒரு கட்டத்தில் விரலை உயர்த்தினான்.

"இதோ. மூச்சு எடுக்குறா." கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்ததும் விரல் தானாக இறங்கியது. "நல்லாத்தாண்ணே இருக்கு."

குனியோ உட்கார்ந்துவிட்டார். போன தடவை வாங்கியதைவிட இது கூர்மை, அதைவிட அடுத்தது கூர்மை என்று ஏறிக்கொண்டே வந்ததை ரசனை வளர்கிறது என்று நினைத்துப் பூரித்திருந்தார். உண்மையில் காதின் கேட்கும் திறன்தான் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு ஈடுகட்டத்தான் இத்தனை வருடமும் தேர்ந்தெடுத்திருக்கிறார். தேடித் தேடி எழுதிய அத்தனையும் செவிட்டுக்காதின் விமர்சனம். வெட்கத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. ஊசிக் கூர்மை இல்லாமல் அவளுடைய மூச்சு இனி அவருக்கு இல்லை.

"டாக்டரப் பாப்போம்ணே."

"பாக்கலாம். போனது வராதுடா."

ஒலியளவைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தார். அடுத்துக் கேட்க வருகிறவருக்காக அங்கே எல்லோரும் செய்வதுதான். எதையும் வாங்காமல் ரயிலேறினார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது, செருப்பு வைக்கும் அலமாரியின் மேலிருந்த பூச்சிப் பெட்டிக்குள் மனைவி யாசுயோ வெள்ளரித் துண்டு வைத்துக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலம் வந்தால், சிறகை உரசி மணிபோல் ஒலியெழுப்பும் மணிப்பூச்சி வளர்ப்பது அவள் பழக்கம். இந்த வருடத்துப் பூச்சிகள் ஊமை என்று அவர் முடிவு கட்டியிருந்தார், அவளிடம் கேட்டதில்லை.

"என்னங்க, ஒண்ணும் வாங்கலியா? அதிசயமா இருக்கே."

"இதுங்க கத்துதா?"

"கேக்குறதப் பாரு! சாயங்காலமானா இதுங்க போடுற சத்தத்துல எனக்கு டிவி கேக்க மாட்டேங்குது."

அவர் செருப்பைக் கழற்றாமலே குனிந்து, பெட்டியின் வலையில் காதை வைத்தார். பிறகு மறு காதை வைத்தார். நிமிர்ந்து உள்ளே பார்த்தார். வெள்ளரித் துண்டின் மேல் ஒரு பூச்சி இரண்டு சிறகுகளையும் தூக்கி நிறுத்தி, விடாமல் உரசிக்கொண்டிருந்தது.