சனிக்கிழமை வாசகம்

திண்டிவனம் கண் ஆஸ்பத்திரியில் அமலோற்பவமேரியின் கட்டைப் பிரித்தார்கள். புரையை எடுத்து லென்ஸ் வைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சுவரில் இருந்த பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். தலைக்கு ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, வேளை தவறாமல் சொட்டு மருந்து என்று நர்ஸ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். கண் வந்ததில் சந்தோஷம்தான். சனிக்கிழமையை நினைத்தால்தான் பகீரென்றது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் புரை விழுந்தது அவள் புருஷன் பெரியநாயகத்துக்கு. வளவனூர் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கோவிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பவர் அவர்தான். அந்தப் பெருமையை விட மனுஷனுக்கு மனசில்லை. கண் மங்கியதை ஊருக்கு மறைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவளைப் படிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, மறுநாள் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது போலவே ஒப்பிப்பார். ஒரு ஞாயிறு புத்தகம் தலைகீழாக இருந்ததைச் சாமியார் பார்த்துவிட்டார். குட்டு உடைந்தது.

கண் முகாமுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். கண்ணையே தோண்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவள்தான் சண்டை போட்டு இழுத்துப் போனாள். அந்தக் காலத்து ஆபரேஷனுக்குத் தையல், ஒரு வாரப் படுக்கை, அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணாடி வந்த சனிக்கிழமை புத்தகத்தை ஆசையாக அவர் கையில் கொடுத்தாள். புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தூரத்துல இருக்கிறது தெரியுது. எழுத்துதான் கலங்கலா இருக்குது. நீயே படி.”

நம்மால்தானே கெட்டது என்று அழுதாள். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரைத் தனியாகப் பார்த்து, உள்ளதைச் சொல்லுங்கள் என்று நின்றாள். டாக்டர் சிரித்தார். பொடி எழுத்தைக்கூட அவர் விடாமல் படித்தாராம்.

ஒரு மாதம் அழ வைத்த மனுஷனை என்ன செய்தால் தகும்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம் கொதித்தது. வளவனூரில் இறங்குவதற்குள் அது எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமையும் ஒன்றும் தெரியாதவள் போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் ஓட்டு வீடு மாடி வீடானது, பிள்ளைகளுக்குக் கல்யாணமானது. சனிக்கிழமை மட்டும் மாறவில்லை.

போன வருஷம், இரண்டாயிரத்துப் பதினொன்றில், அவள் கண் மங்கியபோது அவர் புத்தகத்தை வாங்கித் தடங்கலில்லாமல் வாசிக்க ஆரம்பித்தார். எப்படித் தெரிகிறது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாரம் முழுக்க அந்தக் குரலுக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பழகிப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எழுத்து கலங்கலாத்தான் இருக்குதுங்க. நீங்களே படிங்க.”

பெரியநாயகம் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

“எனக்கும் பதினெட்டு வருஷம் அப்பிடித்தான் இருந்துக்கினு இருந்துது,” என்றார். பக்கத்தைத் தேடி எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.