பெயர் இல்லாத அழைப்புமணி

வரலாற்றுப் பேராசிரியை எஸ்தர் பாகாராக் இருபத்தெட்டு ஆண்டுகள் கடிதங்களைப் படித்தாள். எல்லாம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இதே ஜெர்மனியில் எங்கள் யூதப் பெண்கள் எழுதியவை. பல்கலைக்கழக நூலகத்தில் அவற்றை எடுத்துக்கொடுப்பது என் வேலை. நாங்கள் குடியிருப்பதும் ஒரே கட்டடம்தான்: அவள் மாடியில், நான் கீழே.

ஆபத்தை முதலில் மோப்பம் பிடித்தது பெண்கள்தான் என்று அவள் நிறுவினாள். ரொட்டிக்கடை வரிசையில், பள்ளி வாசலில், வணக்கம் சொல்லாமல் போன பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர்களுக்கு அது புரிந்துவிட்டது. 'கிளம்பிவிடலாம்' என்று கெஞ்சினார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கிய கணவர்களோ 'பொறு, இது நம் நாடு' என்றார்கள்.

"ஒருத்தனாவது காதுல போட்டுக்கிட்டானா பாரு!" என்று எஸ்தர் மேஜையைக் குத்துவாள்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். மகள் டீனாவும் வந்திருந்தாள். எங்கள் ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, ரொட்டியை இன்னும் பிட்கவில்லை.

"அம்மா, நாங்க டொராண்டோ போறோம். டிக்கெட் போட்டாச்சு."

"என்னடி திடீர்னு?"

"உன் பேத்தி லில்லிய கிளாஸ் பசங்க கழிவறைல வச்சுப் பூட்டியிருக்காங்க. வெளிய நின்னு 'ஸ்ஸ்ஸ்'னு விஷவாயு மாதிரி சத்தம். அரை மணி நேரம்மா! ஒன்பது வயசு அவளுக்கு."

எஸ்தரின் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னாள்: "அவசரப்படாதே. நான் போய் தலைமையாசிரியர்கிட்ட பேசுறேன். கொஞ்சம் பொறு. இது நம்ம ஊர்டி."

டீனா அழவில்லை, சிரித்தாள். "உன் கடிதங்கள்ல வர்ற அந்தப் புருஷனுங்க பேச்சை உன் வாயாலயே கேக்கணும்னு எழுதியிருக்கு எனக்கு."

அன்று யாரும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை நானும் எஸ்தரோடு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் மரியாதையாகக் காபி கொடுத்தார். "பசங்க விளையாட்டும்மா. நீங்க வாழ்நாள் பூரா இதையே படிச்சவங்க. அதனால எதைப் பார்த்தாலும் உங்களுக்கு அதுவாவே தெரியுது."

தெருவுக்கு வந்ததும் எஸ்தர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் படிச்சதே எனக்கு எதிரான சாட்சியாயிடுச்சு, ரேனாட்டே."

அடுத்த மாதம் டீனா குடும்பத்தோடு போய்விட்டாள். விமான நிலையத்தில் லில்லி பாட்டியின் கழுத்தை விடவே இல்லை.

வசந்தத்தில் பல்கலைக்கழகத்தில் எஸ்தரின் பணி ஓய்வு உரை. பாதுகாப்புக்காகச் சுவரொட்டியில் அவள் பெயரையும் அறை எண்ணையும் போடவில்லை. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். வந்தவர்கள் பதினோரு பேர். ஒரு தாய் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தைப் பாதிவரை வாசித்த எஸ்தர் சட்டென்று நிறுத்தினாள்.

"இதையெல்லாம் எடுத்துச் சொன்னா போதும், மறுபடி நடக்காதுன்னு நெனச்சேன்," என்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவ்வளவுதான். யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

அவளுடைய இடத்துக்கு வேறு யாரையும் நியமிக்கவில்லை. அந்தக் கடிதங்களைப் பற்றி அவள் எழுதிவந்த நூலின் இரண்டாம் தொகுதி பாதியில் நிற்கிறது.

"டீனாகிட்ட போயேன்," என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"போய்? அங்க யாருக்குப் பாடம் எடுக்க?" என்கிறாள். அலுப்பாகத்தான் சொல்கிறாள், கோபமில்லை.

இப்போது ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. தெருக்கதவில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் இருந்த பெயர்ப்பலகையைத் தானே திருகிக் கழற்றிவிட்டாள். தபால்காரர் அவளுக்கு வருவதையெல்லாம் என்னிடம் தருகிறார். நான் மாடியேறிப் போய்க் கதவடியில் தள்ளிவிட்டு வருகிறேன்.