அரை மணி நேரம்

புதன்கிழமை காலை பினு எழுந்தான், முகம் கழுவினான், ஆறவைத்த வெந்நீரைப் பெரிய தம்ளர் நிறைய ஊற்றினான். மாத்திரையைப் பிரித்துச் சின்னத் தட்டில் வைத்தான். அவன் அம்மச்சி என்று கூப்பிடும் மாமியார் சோசம்மா சுவரைப் பிடித்தபடி வந்து, மேசையருகே கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எலும்புக்கான மாத்திரை, வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. குனிந்தால் மாத்திரை மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அவள் விழுங்கினாள். பினு எதிரே உட்கார்ந்து பேப்பரை விரித்தான். முன்பு இந்த நாற்காலியில் அவன் மனைவி ரீபா உட்காருவாள். எலிக்காய்ச்சலில் அவள் போய் எட்டு மாதமாகிறது.

இந்த வீட்டில் அவன் இப்போது காதால்தான் வாழ்ந்தான். சமையலறையில் கரண்டி விழுந்தால் எழுந்து நின்றுவிடுவான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனால் கதவருகே போய்க் காத்திருப்பான். போன வருடம் அம்மச்சி ஒரு வாளியைத் தூக்கியபோது முதுகெலும்பில் ஒன்று உள்ளுக்குள்ளேயே நொறுங்கி அமுங்கியது. சத்தமே இல்லை. அதன்பின் ஆள் குள்ளமாகிப் போனாள். நைட்டி தரையில் புரண்டது. காலில் தட்டிவிடும் என்று ரீபாதான் எல்லா நைட்டியின் ஓரத்தையும் மடித்துத் தைத்தாள். அடுத்தது ஒரு தும்மலில்கூட உடையலாம் என்றார் டாக்டர். ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாள் நோன்பு தொடங்கியதிலிருந்து பாலும் மீனும் வேறு நின்றுவிட்டன. பினு கேழ்வரகில் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிக் கொடுத்தான். முற்றத்து வெயிலில் உட்காரவைத்தான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி நிற்கச் சொன்னான்.

"என்னைக் கூட்டிட்டுப்போய் சர்க்கஸ்ல சேத்துடு. டிக்கெட் நீயே கிழி" என்பாள்.

கனடாவிலிருந்து மைத்துனன் ஷாஜன் பேசும்போதெல்லாம் ஒன்றையே சொன்னான். "இனிமே எங்கயாவது விழுந்தாங்கன்னா ஹோம்ல சேத்துடலாம் மச்சான். நான் பாத்து வச்சிருக்கேன். உனக்கும் வயசிருக்கு, ஒரு வாழ்க்கை வேணுமில்ல." பினு ம் போட்டான். ரீபா இல்லாத வீட்டில் அவன் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அம்மச்சி நிமிர்ந்து நடக்கும்வரை இந்த வீடு வீடாக இருக்கும். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அரை மணி ஆச்சு. கிளம்பு மோனே" என்றாள் சோசம்மா. கடிகாரம் பினுவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. "மேனேஜர் உன்னைக் காணாம அழுதுட்டு இருப்பான்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பரை மடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். பைக்கைக் கிளப்பியபின்தான் தலையைத் தொட்டுப் பார்த்தான். ஹெல்மெட் இல்லை. எஞ்சினை அணைக்காமலே உள்ளே வந்தான்.

நாற்காலி காலியாக இருந்தது.

"அம்மச்சி?"

பதில் இல்லை. அடுக்களையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. ஜெப அறையில் விளக்கு எரிந்தது. கிழக்கே பார்த்து விரித்த தாழம்பாயில் அவள் கவிழ்ந்து கிடந்தாள். நெற்றி பாயில், கைகள் இரண்டும் முன்னால், முதுகு ஒரு சின்ன மூட்டைபோல. அசைவில்லை. பினு நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். ரீபா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் காதில் விழுந்த அதே அமைதி.

"நிக்காதே அப்படி. சாகல" என்றது பாயிலிருந்து குரல்.

"விழுந்தீங்களா?"

"கும்பிட்டேன். இறங்கிட்டேன், ஏற முடியல. அவ்வளவுதான்."

நோன்புக் கும்பிடு. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து எழ வேண்டும். இந்த முதுகோடு கூடவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"உக்காந்து தலையைக் குனிஞ்சா போதும்னு சர்ச் அச்சன் சொன்னாரே அம்மச்சி?"

"அச்சனோட மக உயிரோட இருக்கா" என்றாள். பிறகு, "போன நோன்புல என் பக்கத்துல அவளும்தானே விழுந்தா. இந்த வருஷம் அவளுக்காகவும் சேத்து நான்தான் விழணும். வேற யாரு? நீயா? ஜெபம் சொல்லு பார்ப்போம்."

கையைப் பிடித்து இழுக்கக் கூடாதென்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தது நினைவில் இருந்தது. நாற்காலியை இழுத்துவந்து அவள் தலைமாட்டில் போட்டான். அருகே மண்டியிட்டான். "கையை ஊனி நாலு கால்ல நில்லுங்க. அவசரமில்ல. இப்ப நாற்காலியப் பிடிங்க. ஒரு கால முன்னால வைங்க."

"இந்த வீட்டுக் குழந்தைங்களுக்கு எல்லாம் நான் தவழச் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் மூச்சிரைக்க. "இப்ப நீ எனக்கு."

அவள் எழும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. நாற்காலிக் காலா, முழங்காலா, உள்ளே வேறெதுவுமா, தெரியவில்லை. அவள் கீழுதட்டைக் கடித்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

நெற்றியில் பாயின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. பினு அவளை மெல்ல நடத்திவந்து மேசையருகே உட்காரவைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அரை மணிக்கு இன்னும் பாதி பாக்கி இருந்தது. தன் நாற்காலியைக் கடிகாரம் தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். வாசலில் பைக் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கப் போனால் அவள் எழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"ஷாஜன்கிட்ட சொல்லாதே" என்றாள். சற்றுப் பொறுத்து, அவன் கேட்காமலே, "வலி ஒண்ணுமில்ல" என்றாள். அவளுடைய ஒரு கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போய், அங்கேயே தங்கியது.

ரீபாவின் கடைசிச் சொல் இயேசுவே என்பதுதான் என்று அடக்கத்தன்று அவள் பெரியம்மா சொல்லி அழுதாள். அச்சனும் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். பினு மறுக்கவில்லை. அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது அதுவல்ல. அதுவும் ஒரு புதன்கிழமை. நர்ஸ் ஆக்சிஜன் முகமூடியை மாற்ற எடுத்த நேரத்தில், அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டு எதிர்லயே உக்காரு. ஆகறதுக்கு முன்னாடியே அரை மணி ஆச்சுன்னு சொல்லுவாங்க. நம்பாதே."