கேமரனின் கோல் பேப்பரில் வராத கதை

திங்கட்கிழமை காலை உடையப்பன் கடைக் கதவை முழுதாகத் தூக்குவதற்குள் லியோனார்ட் குனிந்து உள்ளே வந்துவிட்டார். முடி வெட்டிக்கொள்ள அல்ல. அவர் தலையில் வெட்டக்கூடிய முடி இருந்த இடமெல்லாம் போன வாரமே வெட்டியாகிவிட்டது. கையில் பேப்பரைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"இத படி தம்பி. சத்தமா படி."

விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில், பழைய லோரி விற்கும் விளம்பரத்துக்கு மேலே, மூன்று வரி இருந்தது. உடையப்பன் படித்தான். "அரையிறுதி ஆட்டத்தில் சுங்கை பெலாங்கி தொழிற்கல்லூரிக் குழு இடைவேளை வரை கோல் எதுவும் போடவில்லை."

"அப்புறம்?"

"அப்புறம் லோரிதான் இருக்கு அண்ணே."

"பாத்தியா. ரெண்டாவது பாதியில என் மவன் ரெண்டு கோல் போட்டான். பைனலுக்கே போயாச்சு. அது எங்க?"

உடையப்பன் பேப்பரைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ராசிபலன் இருந்தது.

லியோனார்ட் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகன் கேமரன் சுங்கை பெலாங்கி கல்லூரியில் வெல்டிங் படிக்கிறான், கல்லூரிக் குழுவில் முன்வரிசையில் ஆடுகிறான். இந்தப் பருவத்தில் அவன் போட்ட கோல்கள் ஆலையில் எல்லாருக்கும் தெரியும், சர்ச்சில் எல்லாருக்கும் தெரியும். பேப்பருக்கு மட்டும் தெரியவில்லை.

உடையப்பன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த முடிதிருத்தும் கடை, மாடியில் ஒரு அறை, எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. இவ்வளவுதான் அவன் பார்த்த மலேசியா. கடை முதலாளி நாராயணசாமி முதல் நாளே சொல்லியிருந்தார்: "நாக்காலியில உக்காந்தவரு என்னா சொன்னாலும் ஆமான்னு சொல்லு. கட்சி, சாமி, பந்து, எதுவா இருந்தாலும் ஆமா." அப்படியே நடந்தான். ஒரே காலையில் கட்சிக்காரர் ஒருவருக்கும் அவருடைய எதிர்க்கட்சிக்காரருக்கும் ஆமா சொல்லி, இருவரிடமும் நல்ல பையன் என்று பேர் வாங்கியிருக்கிறான்.

சற்று நேரத்தில் ரெங்கசாமி வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்தக் கல்லூரி நிற்கும் நிலம் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தபோது அங்கே பிறந்தவர், ஆகவே குழுவும் தம்முடையதுதான் என்பது அவர் கணக்கு. கண்ணாடி முன்னால் கிடந்த சீப்பை எடுத்துப் பேப்பரின் மேல் வைத்து அளந்தார்.

"கிள்ளான் காலேஜுக்கு ரெண்டு சீப்பு நீளம், மேல ஒரு போட்டோ. நமக்கு சீப்பு அகலம் கூட இல்ல. இது என்னா நியாயம்?"

"எழுதுறவன் கிள்ளான்காரன் லா," என்றார் லியோனார்ட்.

"அவன் பொண்டாட்டி கிள்ளான்."

"போன வாரம் மாமியார்னு சொன்னீங்க."

"பொண்டாட்டி கிள்ளான்னா மாமியார் சபாக்லயா இருப்பாங்க?" ரெங்கசாமி சீப்பைக் கீழே வைத்தார். "நான் என் கண்ணால பாத்தேன். இடைவேளை விசில் அடிச்சதும் காடில ஏறி ஓடுறான். ரெண்டாவது பாதிய பாக்கறதே இல்ல. பாத்தா நம்ம கோல எழுதணும்ல."

"ஆமா அண்ணே," என்றான் உடையப்பன்.

"ஆனா ஒன்னு லியோனார்ட். உன் மவன் மொத பாதியில என்னாதான் செய்றான்?"

"வார்ம் அப் செய்றான்."

"நாப்பத்தஞ்சு நிமிசமாவா?"

"பெரிய இஞ்சின் அண்ணே. சூடாக நேரம் எடுக்கும்."

அதற்கும் உடையப்பன் ஆமா சொன்னான். ரெங்கசாமி அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு, தேநீருக்குச் சீனி கேட்பதுபோல், "சனிக்கெழம கிள்ளானோட பைனல், சபாக் பக்கம். வேன்ல ஒரு சீட்டு இருக்கு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வா, தட்டு தூக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

எட்டு மாதத்தில் ஒருவர் அவனை எங்காவது வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வந்துர்றேன் அண்ணே. எத்தன மணிக்கு நிக்கச் சொல்றீக?" என்று கேட்டான். "சொல்றீக" என்று லியோனார்ட் அவனைப்போலவே சொல்லிக் காட்டினார். அதுகூட அவனுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. வாரம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தான்: வேனில் வேறு யாராவது ஏறிவிட்டால்? தான் ஏதாவது தப்பாகப் பேசி, இனி இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

சனிக்கிழமை யாரும் அவன் இடத்தில் ஏறவில்லை. லியோனார்டின் மனைவி மாடில்டா கட்டிக் கொடுத்த சம்பல் நெத்திலி வாசனையோடு வேன் தஞ்சோங் காராங் தாண்டி, வயல்களைத் தாண்டிப் போனது. தட்டு அவன் மடியில் இருந்தது. எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம், திருநீறு. தட்டு என்றால் என்ன என்று திடலில் இறங்கிய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டம். ஐந்து மணிக்கு ரெங்கசாமி பந்தை நடுவில் வைத்துக் கற்பூரம் சுற்ற ஆரம்பித்தார். பிறகு கோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிப் பிழிந்தார். ஒரு கம்பம் அல்ல, நான்கு கம்பம். "பாதியில சைட் மாத்துவானுங்க தம்பி, ரெண்டு பக்கமும் காவல் வேணும்." அப்படியானால் எதிரியின் கோலுக்கும் அல்லவா காவல் போடுகிறோம் என்று உடையப்பனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. முட்டிவலிக்காரரான ரெங்கசாமி திடலின் முழு நீளத்தையும் நடந்து கடக்க, அவன் தட்டோடு பின்னால் நடந்தான்.

அது முடிந்ததும் லியோனார்ட். "ஒரு பக்கம் மட்டும் கும்பிட்டா இன்னொரு பக்கம் கோவிச்சுக்கும்" என்று, ஆட்டக்காரர்களை வட்டமாக நிறுத்தி ஜெபம் செய்தார். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, மாற்று ஆட்டக்காரர்களையும் விடாமல், போன மாதம் கணுக்கால் சுளுக்கியவனின் கணுக்காலையும் தனியே குறிப்பிட்டு ஜெபித்தார். மலாய்ப் பையன்கள் கையேந்தித் துஆ ஓதி முகத்தில் தடவிக்கொண்டது ஒரு மூச்சு நேரம்தான். ஆட்ட நடுவர் மலாய்க்காரர். சாமி கும்பிடும்போது விசில் ஊதக் கூடாது என்று கைகட்டி நின்றார். எல்லாம் முடிந்தது என்று அவர் விசிலை வாயில் வைத்தபோது, கிள்ளான் குழுப் பையன்கள் நாலு பேர் திருநீறு கேட்டு வந்தார்கள். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ரெங்கசாமி நிதானமாக ஒவ்வொரு நெற்றியிலும் பூசிவிட்டார்.

பந்து உருண்டபோது மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது.

முதல் பாதியில் கிள்ளான் ஒரு கோல் போட்டது. கேமரன் வார்ம் அப் செய்துகொண்டிருந்தான். இடைவேளை விசில் அடித்ததும் உடையப்பன் தட்டைக் கழுவக் குழாய் தேடிக் கோலுக்குப் பின்னால் போனான். அங்கே ஒல்லியான ஒருவர், போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். "இடைவேளை வரை, கமா, கிள்ளான் குழு ஒரு கோலுடன் முன்னிலை வகித்தது, முற்றுப்புள்ளி."

உடையப்பனும் ஊரிலிருக்கும் அக்காவுக்கு இப்படித்தான் பேசிப் பேசி அனுப்புவான். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டான்: "வீட்டுக்கா அண்ணே?"

"பேப்பருக்கு தம்பி." அவர் போனை உயர்த்திப் பார்த்தார். "இங்க லைன் இல்ல. ரோட்டுக்குப் போயி அனுப்பணும்."

"முழு ஆட்டமும் பாக்க மாட்டீகளா?"

"பாப்பேன், திரும்பி வந்து. ஆனா ஏழு மணிக்கு ஆபீஸ்ல விளையாட்டுப் பக்கத்த மூடிருவாங்க. அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா ஏழுக்குள்ள முழுசும் போயிரும். கிள்ளான் ஆட்டமெல்லாம் அப்படித்தான் போவுது. சுங்கை பெலாங்கி ஆட்டம் மட்டும்..." அவர் கண் தட்டின் மேல் விழுந்தது. பேச்சை நிறுத்திக்கொண்டார். "அந்தத் தட்டு நீங்கதானா."

"அவங்ககிட்ட சொல்லலாம்ல அண்ணே."

"சாமி விஷயம் தம்பி. சீக்கிரம் கும்பிடுங்கன்னு நான் எப்படி போயி சொல்றது? நான் இங்க பக்கத்துல, பாகான் நக்கோடா ஓமார்ல பொறந்தவன், கிள்ளான்காரன்னு வேற ஏசுறாங்க." சிவானந்தம் என்று பேரைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இரண்டாம் பாதியில் உடையப்பனால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. கேமரன் ஒன்று போட்டான், எல்லாரும் குதித்தார்கள். இருட்டும் நேரத்தில் இன்னொன்று போட்டான், லியோனார்ட் உட்கார்ந்து அழுதார். சுங்கை பெலாங்கி கோப்பையை வென்றது. உடையப்பன் குங்குமம் ஒட்டிய கையோடு நின்றான். சொன்னால், பெரியவர் இரண்டு பேரையும் குற்றம் சொன்னதாகும். எட்டு மாதத்துக்கு அப்புறம் கிடைத்த சீட்டு. சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

அப்போதுதான் சிவானந்தத்தின் கார் திரும்பி வந்து நின்றது. ரெங்கசாமி முதலில் பார்த்தார்.

"வந்துட்டாரு பாரு. முடிஞ்சப்புறம் வராரு."

லியோனார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னிக்கு கேக்காம விடப் போறதில்ல. ஏன் சார், எங்க பையனுங்க ஆடுனா உங்களுக்குக் கண்ணு தெரியாதா?" பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சிவானந்தம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். அவர் சொல்ல மாட்டார் என்று உடையப்பனுக்குத் தெரிந்தது.

"அண்ணே, அவரு ஓடல," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "லைன் இல்லாம ரோட்டுக்குப் போனாக. ஏழு மணிக்குப் பேப்பர மூடிர்றாகளாம். ஆட்டம் அஞ்சுக்கு ஆரம்பிச்சா முழுசும் போயிருக்கும். நாமதான் ஆரம்பிக்க விடல."

"நாமளா?" என்றார் ரெங்கசாமி.

"நான்தானே அண்ணே தட்டு தூக்குனேன்."

லியோனார்ட் சிவானந்தத்தைப் பார்த்தார். "நெசமா?"

"நெசந்தான் அண்ணே."

"இன்னிக்கு என்னா அனுப்புனீங்க?"

"கிள்ளான் ஒன்னு, நீங்க சீரோ. கோப்பை சேதி திங்கக்கெழம பேப்பர்ல வரும்."

"சர்ச்சுல எல்லாரும் ஞாயித்துக்கெழம பேப்பர்தான் படிப்பாங்க," என்றார் லியோனார்ட் மெதுவாக. ரெங்கசாமி கொஞ்ச நேரம் திடலைப் பார்த்தார், கம்பங்களைப் பார்த்தார், ஆள் இல்லாத நடுவட்டத்தைப் பார்த்தார். பிறகு வேனை நோக்கி நடந்தார். உடையப்பன் தயங்கிப் பின்னால் நின்றான். ஏறு என்றும் யாரும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. கடைசி ஆளாக ஏறி ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டான்.

வேன் பெரிய சாலைக்கு வந்தது. ரெங்கசாமி கண்ணாடியில் லியோனார்டைப் பார்த்தார்.

"உன் ஜெபம்தான் நீளம் லா."

"என் ஜெபமா? நீங்க நாலு கம்பத்தையும் நடந்து சுத்துனீங்க. நடக்குறதா அது, ஊர்கோலம்."

"கணுக்காலுக்கெல்லாம் தனி ஜெபம் எதுக்கு? ஆண்டவருக்கு மொத்தமா சொன்னா புரியாதா?"

"திருநீறு யாரு பூசுனா, எதிரிக்கு?"

"கேட்டான், குடுத்தேன். நீயா இருந்தா வெரட்டுவியா?" ரெங்கசாமி கண்ணாடியில் பார்வையை நகர்த்தினார். "அந்தச் சிவகங்கை ஊர்க்காரன கேளு. பக்கத்துலயே நின்னான். தம்பி, நீ சொல்லு. யாரு ரொம்ப நேரம் எடுத்தா?"

வேன் முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது.

"எலுமிச்சதான் அண்ணே. கொஞ்சம் கூடுதல்."

லியோனார்ட் தொடையைத் தட்டிக்கொண்டார். ரெங்கசாமி ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையைத் தூக்கினார்.

"பாத்தியா. இவனும் ஒரு பக்கம் சாயிறான். பேப்பர்காரனோட ஒரு நிமிசம் நின்னான், ஒட்டிக்கிச்சு."

"உள்ளத சொல்றான் பையன்."

"உனக்குச் சாதகமா சொன்னா உள்ளது. போன வாரம் இவன் உன் தலைக்கு மட்டும் அரமணி நேரம் எடுத்துக்கிட்டான், நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தத் தலையில அரமணி நேரம் என்னா வேல?"

வேன் சிரித்தது. உடையப்பனும் சிரித்தான், சிரிக்கலாமா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு.

செகிஞ்சானில் சாப்பாட்டுக் கடைகளின் விளக்குகள் தெரிந்தன. ரெங்கசாமி வேனை ஓரம் கட்டினார். எல்லாரும் இறங்கினார்கள். உடையப்பன் இன்னும் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். ரெங்கசாமி சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்தார்.

"எறங்கு, பசிக்கலயா? ஆனா லியோனார்ட் பக்கத்துல உக்காந்து அவன் வாங்கித் தர்ற மீனத் தின்னுடாத. இன்னும் சாஞ்சிருவ."