பதினெட்டு வீட்டுத் தண்ணீரும் ஒரு போன் சார்ஜரும்

மலேசியாவில், ரந்தாவ் ஊருக்கு அப்பால் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் பதினெட்டு வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டிதான். பம்ப் இருப்பதோ கீழே ஆற்றோரத்தில். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, விடியற்காலையில் சரிவில் இறங்கிப் போய் சுவிட்சைத் தட்டிவிட வேண்டும். போன மழையில் ராக்கம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு, பம்ப் தானாகவே ஓடி நிற்கும்படி ஒரு சின்ன மின் கட்டுப்பாட்டுப் பலகையை வாங்கி மாட்டினான் டிராக்டர் ஓட்டும் தேவன். மூன்று வாரம் லயமே அவனை இன்ஜினியர் என்றது.

நான்காவது வாரம் பம்ப் டக்கென்று கிளம்பியது, உடனே அணைந்தது, மறுபடி கிளம்பியது. தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர்கூட ஏறவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் அதக் கழட்டிட்டு பழையபடி முறைதான் லா," என்றார் தோட்டத்து மேனேஜர். அன்று புதன்கிழமை.

இந்தப் பலகைகளை நோண்டுகிறவர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த தேவனுக்கு, எல்லோர் முன்னாலும் பொதுவில் கேட்பது மரியாதையாகப் படவில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கடைக் கதவில் ஒட்டிவிட்டு எல்லாரும் வாங்க என்றால் யார் வருவார்கள்? வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டாமா? ஆக, இருபத்து மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதினான். 'வணக்கம் சார். நலமா? வீட்டில் அனைவரும் நலமா? தங்களிடம் ஒரு சிறு உதவி.' வாசலில் கால் வைத்ததுமே விஷயத்தைக் கொட்டுவது பண்பில்லை என்பதால், பம்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரே கடிதத்தை இத்தனை பேருக்கு அனுப்பியதற்காக மறுநாள் தளத்தின் நிர்வாகியிடமிருந்து எச்சரிக்கை வந்தது. பதில் என்று வந்தது ஒன்றே ஒன்று, சிரம்பானிலிருந்து, சிந்துஜா என்பவரிடமிருந்து.

'நான் சார் இல்ல அண்ணா. வீட்டுல எல்லாரும் நலம். உங்க பிரச்சனை என்னன்னுதான் கடைசி வரைக்கும் தெரியல. பொதுவுல எழுதுங்க. என்ன மாட்டியிருக்கீங்க, என்ன ஆகுது, என்னென்ன செஞ்சு பாத்தீங்க. இருக்கிற மாதிரியே ஒரு படமும் போடுங்க.'

"இருபத்து மூணு வீட்டுல ஒரு வீடு கதவத் தொறந்திருக்கு. பரவால்ல," என்றாள் அவன் மனைவி புனிதா.

தேவன் எழுதினான். படம் எடுக்கும் முன் தூசி தட்டி, வயர்களை வரிசையாகக் கட்டி, ஒரு சாமானை மட்டும் பலகை இருந்த பெட்டிக்குப் பின்னால் மறைத்தான். சிந்துஜாவின் கேள்வி பத்து நிமிடத்தில் வந்தது. 'ரொம்ப அழகா இருக்கு. இப்படியா மாட்டியிருந்தீங்க? கரண்ட் எங்கேருந்து வருது?'

தேவன் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். மறைத்தது ஒரு பழைய போன் சார்ஜர். சிரம்பானில் சொல்லி வாங்கிய விசேஷச் சாமான் என்று லயம் முழுக்க அளந்து வைத்திருந்தான். அந்தத் தளத்தை லயத்தில் நாலு பேராவது பார்ப்பார்கள்.

"மானம் போயிரும் புனிதா."

"ராக்கம்மாவுக்கு கை போச்சு. உங்களுக்கு மானம்தானே. போயிட்டு வரட்டும்."

அவன் எழுந்தான். கட்டியதையெல்லாம் அவிழ்த்தான். வயர்கள் முன்பு தொங்கியபடியே தொங்க, சார்ஜரை முன்னால் இழுத்து வைத்துப் படமெடுத்தான். 'பழைய போன் சார்ஜர். வெளியில் வேறு மாதிரி சொல்லியிருந்தேன்' என்று எழுதி அனுப்பினான்.

'பம்பைக் கிளப்புற நேரத்துல அந்தச் சார்ஜர் தாங்கல, பலகை செத்துச் செத்துப் பொழைக்குது. நல்ல பவர் சப்ளை ஒண்ணு போடுங்க,' என்றார் சிந்துஜா.

வெள்ளியன்று மோட்டார் சைக்கிளை விரட்டி லுக்குட் டவுனுக்குப் போய் வாங்கி வந்து மாட்டினான். சனிக்கிழமை காலை ஸ்பேனரோடு வந்த மேனேஜர், பம்ப் நிற்காமல் ஓடுவதைக் கால் மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

"என்னாப்பா கோளாறு?" குழாயடியில் இடது கையால் வாளியை நகர்த்தியபடி கேட்டாள் ராக்கம்மா. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"நான் போட்ட ஓட்டை சார்ஜர்தான் அத்தை," என்றான் தேவன், எல்லோருக்கும் கேட்கும்படி.