ஒலி வேண்டாம், புளூடூத் வேண்டாம்

...ஒலி வேண்டாம், புளூடூத் வேண்டாம், விளையாட்டுக் கருவியை இயக்குகிற டிரைவர் நிரல் எதற்கு, ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யார் உட்கார்ந்து விளையாடப் போகிறார்கள், அதுவும் வேண்டாம், என்று ஊர்மிளா திரையில் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி, ஆம் என்றால் அந்தப் பொருள் கர்னலுக்குள் போய்விடும், இல்லை என்றால் அப்படியொன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது, கர்னல் என்றால்... அன்றைக்கு அம்மா கேட்டபோது அப்படித்தான் விளக்கினாள், கம்ப்யூட்டர் முழிச்சதும் மொதல்ல எந்திரிக்கிற ஆளும்மா, அது எந்திரிச்சுதான் மத்த எல்லாத்தையும் எழுப்பணும், என்று, அப்ப இந்த வீட்டுல நான்தான் அது, என்று அம்மா லெட்சுமி சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள், சரியாகத்தான் சொன்னாள், ஒரு வரியில் புரிந்துகொண்டாள், கொழும்பில் கம்பெனிக் கூட்டத்தில் இதையே விளக்க ஊர்மிளாவுக்கு எத்தனை படங்கள் வரைய வேண்டியிருந்தது... வைஃபை, வேண்டாம். கமரா, வேண்டாம். ஒவ்வொரு வேண்டாமுக்கும் உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம், களையெடுத்த மலையைத் திரும்பிப் பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரியில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு பெரிய இயந்திரம், அதற்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்போல நடந்துகொள்கிற மெய்நிகர் இயந்திரங்கள் சில, மருந்துக்கு ஒன்று, நோயாளர் பதிவுக்கு ஒன்று, இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கு ஒன்று, அந்தக் கடைசி ஒன்றுதான் இவளுடையது, மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மற்றவை எழுந்துவிடும், இது மட்டும் லேசில் எழும்பாது, தனக்கு இல்லாத ஸ்பீக்கரைத் தேடும், இல்லாத வைஃபையைத் தேடும், தேடித் தேடி... போன மழைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இரத்தம் எடுத்துவிட்டு பரிசோதனைக் கூடத்து வாசலில் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, மெஷின் இன்னும் வரல்ல, கொஞ்சம் இருங்க, என்று உள்ளேயிருந்து ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள், பக்கத்தில் ஒரு கர்ப்பிணி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், அவளுடைய முடிவும் அந்த மெஷினுக்குள்தான் இருந்தது, எங்கள் கம்பெனி செய்து கொடுத்த மெஷின், என்று ஊர்மிளாவுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினாள், இதற்கென்றே ஒரு கர்னல் நான் கட்டித் தருகிறேன் என்று. கட்டுவதா, வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக வாங்கிவிடலாமே, என்றார்கள் மேலே இருப்பவர்கள். குழுத் தலைவர் செந்தூரன்தான் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று நின்றார். இன்றைக்குப் பின்னேரம் ஆஸ்பத்திரி ஆட்களுக்கு முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், ஓடாவிட்டால் ரெடிமேட்தான், அதற்குப் பிறகு வீட்டிலிருந்து வேலைசெய்கிற இவளுக்கு என்ன வேலை மிச்சம், கொழும்புக்கு வந்துவிடுங்கோ என்பார்கள், அம்மா தனியாக...

அதெல்லாம் நடக்காது. ஏனென்றால் இது ஓடும். தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் முன்னறையைத் தட்டியால் மறித்து மேசை போட்ட இந்த இடத்திலிருந்து, தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், சிக்னலுக்காக ஜன்னல் கம்பியில் கட்டிவைத்த இன்டர்நெட் டொங்கிளோடு, ஒரு இயந்திரத்தின் அடிவயிறு வரைக்கும் இறங்கிப்போய் எது இருக்கலாம் எது கூடாது என்று தீர்மானிக்கிறவள் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் வேறு யார் இருக்கிறாள், இருக்கலாம், இருந்தால் சந்தோஷம், ஆனால் இவளுக்குத் தெரிந்து இல்லை. இதோ இன்னொன்று, கார்டுகள் செருகுகிற பஸ் என்கிற பாதை, பிசிஐ, தாய்ப்பலகையில் கார்டுகளைக் குத்துகிற அந்த நீள நீளப் பள்ளங்களுக்கானது, மெய்நிகர் இயந்திரத்துக்குப் பலகையே கிடையாது, பிறகு பள்ளம் எங்கே, கார்டு எங்கே, என்று சிரித்துக்கொண்டே அதையும் அணைத்தாள். இது அவளுக்கு ரொம்பப் பிடித்த வெட்டு. சேமித்தாள், இனி கர்னலைக் கட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள், கோப்புப் பெயர்கள் மழைபோல இறங்க ஆரம்பித்தன.

லெட்சுமி மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்து இடுப்பில் கட்டிய படங்குச் சீலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தாள், கூடையை வாசலில் கவிழ்த்தாள், கரண்ட் கேத்தலைக் கையில் எடுத்தவளை ஊர்மிளா அவசரமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, கேத்தல் போடாதீங்க, கரண்ட் ட்ரிப் ஆயிரும்."

"தெரியும்டி. சும்மா எடுத்து வச்சேன். அடுப்புலயே கொதிக்க வைக்கிறேன். உம் பொட்டி முடிச்சுருச்சா?"

"இப்ப முடிஞ்சுரும்."

"காலையிலயும் இதத்தான் சொன்ன."

சொன்னாள்தான். காலையில் கட்டியது வேறு, அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னும் வெட்டலாம் என்று தோன்றியது, வெட்டினாள், போதும் என்று நிறுத்த மனம் வந்ததா... இதோ முடிந்துவிட்டது. தன்னுடைய லெப்டொப்பிலேயே ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எழுப்பிப் பார்த்தாள், வெள்ளை எழுத்துகள் பறந்தன, அழகாக, இவ்வளவு வேகமாக அவள் பார்த்ததே இல்லை, பிறகு நின்றன. கர்னல் பதறிவிட்டது, அதன் மொழியில் அப்படித்தான் சொல்லும், கோப்புகளெல்லாம் இருக்கிற மூல வட்டைக் காணவில்லை, மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எழுந்துவிட்டது, கண்ணைத் திறந்துவிட்டது, கால் வைக்கத் தரையைக் காணோம். ஊர்மிளா திரைக்குக் கிட்டக் குனிந்தாள், வட்டுக்கான டிரைவருக்கு ஆம் சொன்னேனே, முதல் ஆளாக அதற்குத்தானே ஆம் சொன்னேன், என் கண்ணால் பார்த்தேனே... அந்த நேரம் பார்த்து செந்தூரனின் அழைப்பு.

"ஊர்மிளா, என்ன மாதிரி, முடிஞ்சுதோ? நஸ்லியாவும் வந்து நிக்கிறா. லாப்பில இருந்து அவதான் மெஷின நிப்பாட்டிப் போட்டுக் காட்டப் போறா."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணா. ஒரு சின்னப் பிழை ஒண்டு, பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பெரிசோ சின்னனோ?"

"சின்னன்தான் அண்ணா."

"நான் உங்களை நம்பித்தான் அங்க கதைச்சிருக்கிறன், சரியே."

சின்னன்தானா. அழைப்பை வைத்ததும் அவளுக்கே சந்தேகம் வந்தது, தெரியாமலே சின்னன் என்று சொல்லிவிட்டாளே, காலையில் கட்டியதையே அனுப்பிவிடலாமா, அது ஓடியது, ஆனால் அது மெதுவானது, மெதுவானது என்றால் ரெடிமேட் ஆட்கள் சிரிப்பார்கள், வேண்டாம், யோசி, நடுங்காமல் யோசி, காலையில் ஓடியது மத்தியானம் ஓடவில்லை, இடையில் நீ என்ன செய்தாய், எதையெல்லாம் அணைத்தாய், ஒலியில்லாவிட்டால் வட்டு காணாமல் போகாது, கமரா இல்லாவிட்டால் போகாது... அம்மா பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்தாள், தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். ஊர்மிளா வட்டு டிரைவர் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போனாள், அது அங்கே இல்லை. அணைந்து இல்லை, அந்த வரியே இல்லை. மேலும் கீழும் தேடினாள், பிறகு சிரித்துவிட்டாள், தனியாக, சத்தமாக, அட பைத்தியக்காரி, அந்தப் பள்ளம், அந்தப் பஸ், மெய்நிகர் இயந்திரத்துக்குப் பலகை இல்லைதான், ஆனால் அது தன்னிடம் பலகை இருப்பதாகத்தானே நடிக்கிறது, அந்த இல்லாத பலகையில் இல்லாத ஒரு கார்டாகத்தான் வட்டு வந்து உட்காருகிறது, பஸ்ஸை நீ அணைத்ததும் அதை நம்பி நின்ற அத்தனையும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டன. உனக்கு ரொம்பப் பிடித்த வெட்டு. அதற்கு ஆம் சொன்னாள், உடனே அதன் கீழே காணாமல் போன வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, வட்டுக்கு ஆம், வலையமைப்புக்கு ஆம், மற்றதெல்லாம் வேண்டாம், வேண்டாம்தான், அதில் அவள் பிழைவிடவில்லை, மறுபடியும் கட்டச் சொன்னாள். கரண்டே, போயிராத, என்று பல்பைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள், மழை இன்னும் உரத்தது, பல்பு ஒரு தடவை மங்கியது, பிறகு நின்று எரிந்தது.

ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. இன்னொரு தடவை. ஓடியது. அனுப்பினாள், ஆஸ்பத்திரி இயந்திரத்தில் ஏற்றினாள், அழைப்பில் சேர்ந்தாள், செந்தூரன், மேலே இருப்பவர்களில் முகம் காட்டாத சிலர், பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பான நஸ்லியா, வெள்ளை அங்கியும் தலையைச் சுற்றிய நீலத் துணியுமாக, பின்னால் இரத்தக் குழாய்கள் அடுக்கிய தட்டு... கேக்குதா என்று அவள் கேட்டதுமே அந்தக் குரல் ஊர்மிளாவுக்குத் தெரிந்துவிட்டது, மெஷின் இன்னும் வரல்ல, கொஞ்சம் இருங்க, என்ற அதே குரல்.

"நிப்பாட்டவா?" என்றாள் நஸ்லியா. "வழமையா இத நிப்பாட்டினா நான் போய் டீ குடிச்சிட்டுத்தான் வருவன்."

"நிப்பாட்டுங்கோ," என்றார் செந்தூரன்.

திரை கறுத்தது. கறுப்பாகவே இருந்தது, ஊர்மிளாவின் மனசு அந்த இருட்டுக்குள் போய், எந்திரி, எந்திரி, என்று கெஞ்சியது, ஸ்பீக்கரைத் தேடாதே, உனக்கு ஸ்பீக்கர் இல்லை, நான் சொன்னேனே, உனக்கு வேண்டியதெல்லாம் உனக்குள்ளேயே இருக்கிறது, எந்திரி... வெள்ளை எழுத்துகள் ஒரு கொத்தாகப் பறந்தன, அவ்வளவுதான், நோயாளர் பெயர்கள் வந்து நின்றன.

"அல்லாஹ்! வந்திட்டா? நான் இன்னும் கதிரைய இழுக்கவும் இல்லயே!"

"வந்துருச்சுண்ணே!" என்று ஊர்மிளா கத்தினாள், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டாள். "வந்துருச்சு, பாத்தீங்களாண்ணே, எல்லாம் வந்துருச்சு! அக்கா, இன்னொருக்கா நிப்பாட்டிப் பாருங்க, எத்தன தடவ வேணும்னாலும் நிப்பாட்டுங்க, திரும்பத் திரும்ப வரும்!"

நஸ்லியா நிறுத்தினாள், வந்தது, சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை நிறுத்தினாள், வந்தது, முகம் காட்டாதவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார், ரெடிமேட் வாங்குகிற பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்றார், செந்தூரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உண்மையா, இது பெரிய வேலை ஊர்மிளா, இனிமேல் எங்கட எல்லா ஆஸ்பத்திரிக்கும் கர்னல் நீங்கள்தான் கட்டப் போறீங்கள், அங்கயிருந்தே செய்யுங்கோ," என்றார், நஸ்லியா கையாட்டினாள், "இனி இருங்க இருங்க எண்டு ஆக்களிட்ட சொல்லத் தேவையில்ல," என்றாள், அந்த வாங்கு இப்போது காலியாக இருக்குமா, அந்தக் கர்ப்பிணிக்குப் பிள்ளை பிறந்து இதற்குள் தவழவே தொடங்கியிருக்கும், அவளுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, ஆனால் நான் செய்தேன், நான், இந்த மேசையில்... அழைப்பு முடிந்த பிறகும் ஊர்மிளா வெறும் திரையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

லெட்சுமி சமையலறை வாசலில் நின்றாள், பின்னேர வேலைக்குப் படங்கை மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டு.

"ஓடிருச்சும்மா," என்றாள் ஊர்மிளா. "எல்லாருக்கும் முன்னால ஓடிருச்சு. இனி நான் இங்கயிருந்தே பாக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியுமே ஓடும்னு," என்றாள் லெட்சுமி, முகம் முழுக்க மலர்ந்தது, பார்வையை எடுக்காமல் மகளையே பார்த்தாள், பிறகு கூடையை எடுக்கக் குனிந்தவள் ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்தாள். "யாரும்மா அது, போன்ல? நம்ம தோட்டத்து ஆளா?"

"யாரு?"

"அண்ணே அண்ணேன்னு கத்துனியே, அது."

"அது செந்தூரன் அண்ணா. யாழ்ப்பாணம். எங்க ஆபீஸ் ஆளு."

"ஓ," என்றாள் லெட்சுமி. "நான் நம்ம ஆளுன்னு நெனச்சேன்."

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், ஊர்மிளாதான் அங்கேயே நின்றாள், அண்ணே என்றா கத்தினேன், வந்துருச்சு என்றா, செந்தூரனிடம் அண்ணா, வந்திட்டுது என்றுதானே எப்போதும் சொல்வாள், பொறுங்கோ, பாக்கிறன், ஒண்டு, அந்த யாழ்ப்பாணப் பேச்செல்லாம் எப்போது வந்தது, கொழும்பில் முதல் வாரமே வந்துவிட்டது, யாராவது சிரித்தார்களா, இல்லை, யாராவது சொன்னார்களா, இல்லை, ஒருத்தருமே ஒரு வார்த்தை சொன்னதில்லை, இன்றைக்குக்கூட செந்தூரன் ஒரு வித்தியாசமும் கேட்டதாகத் தெரியவில்லை... ஆனால் அம்மா கேட்டிருக்கிறாள், தட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டு, இந்த அறையிலிருந்து இவள் பேசிய ஒவ்வொரு அழைப்பையும் கேட்டிருக்கிறாள், மகள் நம்ம பேச்சைப் பேசினால் எதிரில் இருப்பது நம்ம ஆள்தான் என்று தெரிந்துவைத்திருக்கிறாள், எவ்வளவு நாளாக, ஒரு தடவைகூடக் கேட்காமல். ஜன்னல் வழியாகப் பார்த்தாள், படிகளில் கூடைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன, எல்லாக் கூடைகளும் ஒன்றுபோல் இருந்தன, அதில் எது அம்மா என்று மழையில் தெரியவில்லை.