பவளங்களுக்கு ஆகாத மூச்சு

ஈசா கண்ணாடிக் குப்பியை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். புளிப்பைச் சோதிக்கும் மருந்துச் சொட்டு விழுந்ததும் ஊதாவை நோக்கி நகர்ந்திருக்க வேண்டிய தண்ணீர் இன்றும் பச்சையிலேயே நின்றுவிட்டது. குலுக்கிப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். பச்சை பச்சைதான்.

"தேறிடுச்சா?" என்றாள் லதீஃபா, சோபாவில் இருந்தபடியே.

"இல்லக்கா. இந்த வாரமும் பெயில்."

"பாவம். ஒரு டியூஷன் வை."

அவன் சிரித்தான். ஆனாலும் கண் தொட்டியை விட்டு நகரவில்லை. கூடத்தின் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியின் நடுவில், பாறை உச்சியில், மான்கொம்பு போலக் கிளைத்து நின்றது அவனுடைய ஊதாப் பவளம். மகன் தாரிக் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் சுண்டுவிரல் நீளத் துண்டாக வந்தது. இன்று தாரிக் மலேசியாவில் படிக்கிறான். பவளம் இரண்டு கை சேர்த்துப் பிடித்தாலும் அடங்காது. வளரும் கொம்பின் நுனிகள் எப்போதும் வெள்ளையாக, அப்போதுதான் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தது போல இருக்கும். புதிதாகக் கல் கட்டுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது அந்த நுனிகள் மங்கிப் பழுப்பேறிவிட்டன. அடியில் ஒரு கிளையில் சதை விலகி, விரல் நகம் அகலத்துக்கு எலும்பு தெரிந்தது. கல் பவளம் சாகத் தொடங்கினால் இப்படித்தான் தொடங்கும். சில நேரம் அங்கேயே நிற்கும், சில நேரம் நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் பாதி மரம் வெளுத்திருக்கும்.

ஹித் ஊரில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஈசாவுக்கு வேலை. முஹர்ரக்கில் இருக்கும் வீட்டிலிருந்து நடந்தால் கடல் கூப்பிடு தூரம். ஆனால் இந்த வளைகுடாக் கடலின் வெயிலும் உப்பும் சேறும் அவனுடைய பவளங்களுக்கு ஒத்துவராது என்பதால், வடிகட்டிய தண்ணீரில் மூட்டை உப்பை அளந்து கரைத்துத் தொட்டிக்கு ஊற்றுவான். லதீஃபா இதை முதல்முறை பார்த்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பகல் பூரா கடல்ல இருந்து உப்பை எடுக்கிறே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதையே திரும்பப் போடறே. ரெண்டையும் விட்டுட்டுப் பேசாம படுத்துத் தூங்கினா உலகம் அப்படியேதானேடா இருக்கும்?" ஈசாவின் மனைவி ஹனாதி அன்று சிரித்த சிரிப்பில் கரண்டி கையை விட்டுக் கீழே விழுந்தது.

லதீஃபா அவனுக்கு ஒரே அக்கா. பிள்ளைகள் இல்லை. கணவர் சலாஹ் போன குளிர்காலத்தில் இறந்தார். விதவை துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடிந்ததும் ஈசாவே ரிஃபாவில் அவள் வீட்டுக்குப் போய் அவளையும் இரண்டு பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். வந்தவள் ஓரத்தில் ஒடுங்கி உட்காருகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் அலுவலகப் பொறுப்பில் இருந்தவள். தெருவில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். துக்கம் கேட்க வந்த பெண்கள், துக்கம் தீர்ந்த பிறகும் வந்தார்கள். ஈசாவும் ஹனாதியும் வேலைக்குப் போன பிறகு கூடம் அவர்களுடையது. காப்பிக் குடுவை, பேரீச்சம்பழம், முட்டையும் சேமியாவும் சேர்த்த பலாலீத், அவித்த கொண்டைக்கடலை, எல்லாவற்றுக்கும் மேலே பேச்சு. முன்பெல்லாம் பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு அது. இப்போது ஈசா திரும்பி வரும்போது சோபா மெத்தைகள் குழிந்து கிடக்கும், ஏலக்காய் வாசனை நிற்கும். அவனுக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பவளங்கள் வாட ஆரம்பித்ததும் முதலில் அவன் சந்தேகப்பட்டது அகில் புகையை. வெள்ளிக்கிழமை தோறும் லதீஃபா கூடத்தில் அகில் கட்டைப் புகை போடுவாள். தொட்டியின் அடியில், தண்ணீருக்குள் காற்றை ஊதி அழுக்கை நுரையாகத் திரட்டி எடுக்கும் ஒரு கருவி இருக்கிறது. அறையில் என்ன காற்று இருக்கிறதோ அதையே இழுத்துத் தண்ணீரில் கலக்கும். புகை எண்ணெயும் கூடவே போகும். இதை எப்படிச் சொல்வது என்று அவன் இரண்டு நாள் வார்த்தை தேடினான். கடைசியில் சொன்னபோது லதீஃபா, "இதுக்கா இவ்வளவு முழுங்கினே?" என்று தூபக்காலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் தண்ணீர் பச்சையிலேயே நின்றது.

அன்று சாயங்காலம், தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு வெளுத்த கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஜிதாஃப்ஸிலிருந்து மிர்ஸா. அவனும் பவளப் பைத்தியம்தான்; ஈசாவை எப்போதும் அபு தாரிக், அதாவது தாரிக்கின் அப்பா, என்றே கூப்பிடுவான். ஈசா மூக்கால் திரையைத் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டான்.

"உப்பு பார்த்தியா?" என்றான் மிர்ஸா.

"பார்த்தாச்சு. சுண்ணாம்புச் சத்து, சூடு எல்லாம் சரியா இருக்கு. இந்த ஒண்ணுதான் ஏற மாட்டேங்குது."

"வீட்ல ஆள் கூடியிருக்கா?"

"அக்கா வந்திருக்காங்க. பகல்ல அவங்க கூட்டாளிங்க ஒரு ஆறேழு பேர் வருவாங்க."

"அட, அபு தாரிக், இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? மூச்சுப்பா, மூச்சு. ஆகஸ்ட் மாசம், ஏசி போட்டு இண்டு இடுக்கு விடாம மூடி வச்சிருக்கே. அத்தனை பேர் விடற மூச்சும் அங்கேயேதான் சுத்துது. உன் மிஷின் அதைத்தான் இழுத்துத் தண்ணியில ஊதுது. தண்ணி புளிக்குது. புளிச்ச தண்ணியில பவளம் எங்க கல் கட்டும்? ஒண்ணு ஜன்னலைத் திற, இல்ல ஆளைக் குறை."

"இந்த வெயில்ல ஜன்னலைத் திறந்தா நாங்களே வெந்துருவோம்," என்றான் ஈசா. "ஆளைக் குறைக்கிறதுதான் சுலபம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, பக்கத்து மேசையில் தட்டில் காப்பிக் கோப்பை இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. லதீஃபா எப்போது வந்தாள், எப்போது வைத்தாள் என்று அவன் யோசிக்கவில்லை. எடுத்துக் குடித்தான்.

மறுவாரம் தண்ணீர் நிறம் மாறியது. பச்சை விலகி நீலம் வந்தது. சனிக்கிழமை, விடுமுறை மத்தியானத்தில் செய்த அடுத்த சோதனையில் நீலத்துக்குள் ஊதா கலந்தது. ஒடித்த இடத்தில் சதை வழிந்து மூட ஆரம்பித்திருந்தது. ஈசா குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி சமையலறைக்கே போய்விட்டான். "பாரு ஹனாதி. நான் ஒண்ணுமே பண்ணலை. தானா ஏறியிருக்கு."

ஹனாதி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "மூச்சு குறைஞ்சிருக்கில்ல," என்றாள்.

"என்ன?"

"அக்கா தினமும் காலையில ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போறாங்க, இன்னிக்கும்தான். அஸர் தொழுகை நேரம் தாண்டி, சாயங்காலம்தான் வர்றாங்க. கூட்டாளிங்க யாரும் வர்றதில்லை. நீ வீட்ல இருக்கற நேரத்துல அவங்க ரூம் கதவு மூடியிருக்கறதையாவது பார்த்தியா?"

"எங்க போறாங்க?"

"கேட்டேன். தோழி வீடுன்னாங்க. நேத்து அவங்க கூட்டாளி உம் ஃபவாஸைக் கடையில பார்த்தேன். லதீஃபாவுக்கு உடம்பு சரியில்லையா, ஏன் எங்களை வர வேண்டாம்னா, அப்படின்னு என்கிட்ட கேக்கறாங்க." அடுப்பைச் சிறிதாக்கினாள். "ரிஃபா வீட்டுச் சாவி வழக்கமா ஆணியில தொங்கும். இப்ப அது அங்க இல்ல."

ஈசா குப்பியை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. காரில் ஏறி, பாலம் தாண்டிய பிறகுதான், மேசையில் இருந்த அந்தக் காப்பிக் கோப்பை நினைவுக்கு வந்தது. அந்தக் கோப்பையை அவன் ருசித்துக் குடித்தது நினைவுக்கு வந்தபோது, காதுகள் சுட்டன. முழு ஏசியிலும் சுட்டன.

ரிஃபா வீட்டின் கதவு சும்மா சாத்தியிருந்தது. நாற்காலிகள் மேல் போர்த்திய துணிகள் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் லதீஃபா உட்கார்ந்து செய்தித்தாளில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏசியைக் கழற்றி விற்று மாதங்கள் ஆகின்றன. மின்விசிறி சூட்டைத்தான் கலக்கிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை.

"கதவைச் சாத்து. பூனை வந்துரும்."

ஈசா சாத்தினான். உட்காரத் துணியை விலக்காமல் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். சலாஹ் உட்காருகிற நாற்காலி அது என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விளிம்பில் இருந்தான்.

"கொம்பு எப்படி இருக்கு?" என்றாள் லதீஃபா.

"நல்லா இருக்கு. அதான் வெக்கமா இருக்கு."

அவள் பேனாவை மூடினாள். "நான் கோவிச்சுக்கிட்டு வரலை. அப்படி நினைக்காதே. நீ வேணும்னு சொல்லலைன்னு தெரியும். புகை போடாதேன்னே, போடலை. அது சுலபம். ஆனா மூச்சு விடாம இருக்க எனக்கு வழி தெரியலை. அதான் அதை இங்க வந்து விடறேன்." சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் உதடு ஒத்துழைக்கவில்லை. "வந்த இடத்துல ஒரு பொருள் என்னால கெட்டுதுன்னு இருக்கக் கூடாதுடா. எனக்கு அது தாங்காது."

"அக்கா, அது மீன் தொட்டி."

"அது மீன் தொட்டி இல்ல. நீ அதுகிட்ட போய் நிக்கறப்ப உன் முகத்தை நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கேன்."

வியர்வை கழுத்தில் இறங்கியது. "நீங்க வந்த பிறகுதான் அந்தக் கூடம் கூடமா இருக்கு," என்றான். "வேலை விட்டு வரும்போது குழிஞ்சு கிடக்கற சோபாவைப் பார்த்தா எனக்கு நல்லா இருக்கும். இந்த வாரம் பூரா அது தட்டையா இருந்திருக்கு. நான் அதைப் பார்க்காம தண்ணியைப் பார்த்துட்டு இருந்திருக்கேன்."

"சோபாவா?" என்றாள் லதீஃபா. "என்னைப் பத்திச் சொல்ல உனக்கு சோபாதான் கிடைச்சுதா?"

இந்த முறை சிரிப்பு முழுதாக வந்தது. அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ஈசா சுவரில் ஓட்டை போட்டான். மிர்ஸா துளைப்பான் கொண்டுவந்திருந்தான். தான்தான் மூச்சு விஷயத்தைக் கிளப்பியவன் என்பதால் லதீஃபாவின் கண்ணைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளோ அவனைப் பிடித்து உட்காரவைத்து மச்பூஸ் சோறும் மீனும் வயிறு கொள்ளாத அளவுக்குப் போட்டாள். "ஆளைக் குறைக்கச் சொன்னவனுக்கு ஆள் கூடினா என்ன ஆகும்னு தெரியணுமில்ல, சாப்பிடு," என்றாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

வேலை பெரிதில்லை. விரல் பருமனுக்கு ஒரு குழாய். ஒரு முனை தொட்டியின் அடியில் காற்று ஊதும் கருவியில். மறு முனை சுவரைத் தாண்டி, பின்பக்கச் சந்தில், தூசி படாமல் பஞ்சு அடைத்து, பல்லி நுழையாமல் வலை கட்டி. இனி அந்தக் கருவி வெளிக்காற்றை மட்டும்தான் குடிக்கும். உள்ளே யார் எவ்வளவு மூச்சு விட்டாலும் அதற்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. இத்தனை நாள் இது தோன்றாமல் போனதை நினைத்து ஈசா ஓட்டையைச் சுற்றிச் சிமெண்ட் பூசியபடி தன்னையே திட்டிக்கொண்டான். லதீஃபா சந்தில் நின்று, வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் வறுக்கற மீன் வாடை உள்ள போகாதா?" என்று கேட்டாள்.

"போகும்."

"அப்ப அவன்கிட்ட நான் பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் திரும்ப வந்தார்கள். லதீஃபா என்ன சொல்லி அழைத்தாள் என்று தெரியவில்லை, உம் ஃபவாஸ் வேலைக்குக் கிளம்பிய ஈசாவை வாசலில் பார்த்ததும் தலைத்துணி நுனியால் மூக்கை மூடிக்கொண்டு, "உள்ள போய் மூச்சு விடலாமா, இல்ல அனுமதிச் சீட்டு ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டாள். அவன் காரில் ஏறும்வரை உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. அன்றைய சோதனையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்ததில் நின்றது. பிறகு, மாதம் திரும்பும் சமயத்தில், ஊதாவில் நிலைத்தது. ஒடித்த இடம் மூடிவிட்டது. நுனிகளில் ஒன்று, பிறகு இன்னொன்று, பழைய சுண்ணாம்பு வெள்ளைக்குத் திரும்பத் தொடங்கின. எல்லாம் இல்லை. பின்பக்கத்துக் கிளை ஒன்று பழுப்பாகவே நின்றது. அது பிழைக்குமா என்று ஈசாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பவளம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அவன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். பெண்கள் இன்னும் கிளம்பவில்லை. ஆனால் கூடத்தில் பேச்சே இல்லை. எல்லோரும் தொட்டியைச் சுற்றி, சிலர் சோபாவின் விளிம்பில், சிலர் தரையில், கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் பிடித்தபடி இருந்தார்கள். பவளத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஈசா வேகமாக முன்னால் போனான்.

லதீஃபா திரும்பாமலே கையை நீட்டி அவனைத் தடுத்தாள். "கிட்டப் போகாதே. ஒளிஞ்சுக்குவான்."

"யாரு?"

"தினம் இந்த நேரத்துக்கு வருவான். நீ வீட்ல இருக்கற நேரத்துல வர்றதில்லை போல."

அவன் குனிந்து பார்த்தான். ஊதாக் கொம்புகளின் அடிக்கவட்டில், கிளைகள் நெருங்கிப் பின்னிய இடத்தில், சுண்டுவிரல் நகத்தளவு ஒரு நண்டு இருந்தது. பால் வெள்ளை உடம்பு, ஆரஞ்சுப் புள்ளிகள். இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பார்த்ததே இல்லை. எந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டு எப்போது வந்ததோ. அது ஒரு கிளைமேல் ஏறி, படிந்திருந்த மணலை ஒவ்வொரு துகளாகக் கிள்ளி வெளியே போட்டது. மஞ்சள் மீன் ஒன்று மேய்ந்தபடி பக்கத்தில் வந்தது. நண்டு தன்னைவிடப் பெரிய இரண்டு கிடுக்கிகளையும் விரித்துத் தூக்கி, நுனிவரை ஓடிவந்து நின்றது. மீன் ஒரு கணம் யோசித்தது. பிறகு வளைந்து வேறு பக்கம் போனது.

"பார்த்தியா," என்றாள் உம் ஃபவாஸ் மெதுவாக, யாரிடம் என்றில்லாமல்.

நண்டு கிடுக்கிகளை இறக்கவில்லை. வெள்ளை நுனியின் பக்கத்தில், நீரோட்டத்தில் லேசாக ஆடியபடி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை முகங்களையும் பார்த்துக்கொண்டு நின்றது.